தேய்வளையமும் பாலாறும்

மையவிலக்கு எக்கியின் உறைக்குள் வட்டமான ஓர் இடுக்கு உண்டு. சுழலும் உறுப்புக்கும் அசையாத உறைக்கும் நடுவே அமைந்த அதன் அகலம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டரைத் தாண்டாது. மனிதத் தலைமயிர் மூன்று நான்கை அடுக்கினால் அடைந்துபோகும். அந்த இடுக்கின் இரு கரைகளாக இரண்டு வளையங்கள் நிற்கின்றன. ஒன்று உறையில் இறுகப் பொருந்தியது. மற்றொன்று சுழலியின் கழுத்தில் ஏறியிருப்பது. தேய்ந்தபின் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டிக்கொள்வதற்காகவே இவற்றைச் செய்கிறார்கள். பட்டறையில் இதற்கு 'வியர் ரிங்' என்று பெயர். இக்கட்டுரையில் தேய்வளையம் என்போம்.

வேலூரைச் சுற்றிய தோல் நாட்டில் இவ்வளையத்துக்குக் கடுமையான வாழ்வு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் தோல் பதனிட்டே வளர்ந்த ஊர்கள், 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது வெவ்வேறு மாவட்டங்களுக்குப் போயின. தோல் கழுவிய நீர் மட்டும் எந்த எல்லைக்கும் அடங்காமல் ஒரே ஆற்றை நோக்கி இறங்குகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று குறித்தது. அந்த 35 லிட்டரும் ஒருமுறையேனும், பெரும்பாலும் பலமுறை, ஏதோவோர் எக்கியின் வயிற்றுக்குள் புகுந்து வந்தாக வேண்டும். கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்ற ஓர் எக்கி. வடிகுழியிலிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ள ஓர் எக்கி. அங்கே ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு மாற்ற வேறு பல.

எக்கியின் இயக்கம் எளியது. வளைந்த அலகுகள் கொண்ட சுழலி, நடுவிலுள்ள கண் வழியே நீரை வாங்கி, விளிம்பை நோக்கி வீசுகிறது. வீச்சில் நீர் பெற்ற வேகத்தை, நத்தை ஓட்டைப்போல் விரியும் உறை அழுத்தமாக மாற்றுகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டெனிஸ் பாப்பின் இதன் கருவை வகுத்துவிட்டார். ஆயினும் நேரான அலகுகளால் பெரும்பயன் விளையவில்லை. 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் ஜான் அப்பால்டு வளைந்த அலகுகளோடு காட்டிய எக்கி 68 விழுக்காட்டளவு பயனுறுதிறனை எட்டியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

சுழலியின் விளிம்பில் அழுத்தம் மிகுதி, கண்ணருகே குறைவு. அழுத்தம் மிகுந்த நீர், வாய்ப்புக் கிடைத்தால் சுழலியின் பக்கவாட்டில் வழுவிக் கண்ணுக்கே திரும்பிவிடும். அதைத் தடுக்கச் சுழலியை உறையோடு ஒட்டி அமைக்க முடியாது. ஒட்டினால் உரசும், உரசினால் சிக்கும். எனவே தொடாமல் நெருங்கி நிற்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடமே தேய்வளையம். கசிவை அது முற்றாக நிறுத்துவதில்லை. கசிவுக்கு ஓர் அளவு வைக்கிறது.

அந்த அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது தகும். வளையத்தின் விட்டம் 150 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இடுக்கு 0.2 மில்லிமீட்டர். இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு 20 மீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமம். இடுக்கின் பரப்பு 94 சதுர மில்லிமீட்டர். அவ்வழுத்தத்தில் நீர் பாயக்கூடிய வேகம் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். உராய்வையும் குறுகலையும் கருதி அதில் பாதியை மட்டும் எடுத்தால், நொடிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கசிகிறது. நொடிக்கு 20 லிட்டர் தள்ளும் எக்கிக்கு இது பொறுக்கத்தக்க இழப்பு. இனி வளையம் தேய்ந்து இடுக்கு 0.6 மில்லிமீட்டராகட்டும். கசிவு மும்மடங்காகி நொடிக்கு 2.8 லிட்டரைத் தொடும். இடுக்கு அகன்றால் சுவர் உராய்வின் தடையும் தளர்வதால், உண்மையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

வேறுபாடு நொடிக்கு 1.9 லிட்டர். நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடும் எக்கியில் அது ஏறத்தாழ 1,35,000 லிட்டர். அத்தனை நீரையும் எக்கி தூக்கி அழுத்தம் ஏற்றுகிறது. ஏற்றிய கையோடு கண்ணுக்கே திருப்பிவிட்டு மறுபடி தூக்குகிறது. எக்கியின் மொத்த ஏற்றம் 27 மீட்டர், மோட்டாரும் எக்கியும் சேர்ந்த பயனுறுதிறன் 50 விழுக்காடு எனில், இவ்வீண் சுற்றுக்கு நாள்தோறும் 20 யூனிட் மின்சாரம் போகிறது. ஆண்டில் 300 நாள் ஓடினால் 6,000 யூனிட். வளையத்தின் விலையை அந்த மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது பொருட்டாகவே தோன்றாது. ஆனால் வளையம் வாங்கக் கொள்முதல் ஆணை வேண்டும், கையொப்பம் வேண்டும். மின்கட்டணமோ கேளாமலே வந்து சேர்கிறது. வளையத்தை மாற்றுவது தள்ளிப்போவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இடுக்கு தொடக்க அளவின் இருமடங்கானதும் மாற்றிவிடுவது பொறியாளர் மரபு.

தேய்க்கும் பொருள் எது? தோல் தொழிலின் படிகளை எக்கியின் பக்கம் நின்று பார்க்கும்போது விடை கிடைக்கும். பச்சைத்தோல் அழுகாதிருக்க அதன் எடையில் பத்தில் நான்கு பங்களவு உப்பிடுகிறார்கள். அந்த உப்போடு மணலும் வருகிறது. முதற்படியான ஊறலில் உப்பும் மணலும் இரத்தமும் சாணமும் கரைந்தும் கரையாமலும் நீரில் கலக்கின்றன. அடுத்தது சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்து மயிர் நீக்கும் படி. அங்கே நீரின் காரத்தன்மை உச்சத்தில் நிற்கும்; சுண்ணாம்பின் கரையாத பரல், மயிர், சவ்வுத்துணுக்கு எல்லாம் மிதக்கும். பிறகு அம்மோனிய உப்புகளால் சுண்ணாம்பு நீக்கம். அதன்பின் உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்த புளிப்புக் குளியல். இறுதியாகக் குரோமிய சல்பேட்டு. கடுங்காரத்திலிருந்து கடும்புளிப்பு வரை, ஒரே வளாகத்தில் சில மணி நேர இடைவெளியில், எல்லாத் தன்மையும் கொண்ட நீர் எக்கியைத் தேடி வருகிறது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்தில் இத்தொல்லை இவ்வளவு இல்லை. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையே அனுப்ப வேண்டும் என்று நடுவண் அரசு கொள்கை வகுத்தபோது குரோமியப் பதனீடு பெருகியது. தோலின் விலை ஏறியது. நீரின் கொடுமையும் ஏறியது. வளையத்தின் உலோகத்தைப் பற்றிய கேள்வி இங்கு அன்றுதான் கூர்மை பெற்றிருக்க வேண்டும்.

வேளாண் கிணற்றில் பல்லாண்டு உழைத்த எக்கியின் வளையம் பெரும்பாலும் வெண்கலம். அது வார்ப்பிரும்போடு இணக்கமாக ஓடும். எப்போதேனும் உரசினாலும் சிக்காது. அதே வெண்கலத்தைச் சுண்ணாம்புக் குழி நீருக்கு அனுப்பினால் சல்பைடு செம்பைக் கரும்படிவாக்கித் தின்றுவிடும். அம்மோனியாவும் செம்புக்கலவைகளுக்கு ஆகாத பொருளே. வார்ப்பிரும்பு காரநீரை நன்கு தாங்கும். புளிப்புக் குளியலின் நீரில் கரைந்தேவிடும். இரண்டுக்கும் துருவுறா எஃகு போதும் என்று பலர் அங்கே நிற்பார்கள். தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

துருவுறா எஃகைக் காப்பது அதன் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலம். மில்லிமீட்டரை இலட்சமாகக் கூறிட்டால் அதில் ஒரு கூறு அளவுகூட அதன் பருமன் இராது. கீறினால் உடனே தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். உப்பின் குளோரைடு அந்தப் புதுப்பிப்பைக் கெடுக்கும் இயல்புடையது. மணல் கீறுகிறது, கீறிய இடம் மூடுமுன் குளோரைடு நுழைந்து நுண்குழி பறிக்கிறது, குழியின் உதட்டை அடுத்த மணல் துகள் உடைக்கிறது. மணல் மட்டும் செய்யும் தேய்மானத்தையும் உப்பு மட்டும் செய்யும் அரிப்பையும் தனித்தனியே அளந்து கூட்டினால் வரும் தொகையைவிட, இரண்டும் சேர்ந்து செய்யும் அழிவு மிகுதி. ஆய்வுக்கூடத்தில் தெளிநீரில் மணலிட்டு எடுத்த தேய்மான எண்ணை ஆம்பூருக்குக் கொண்டுவந்து ஆயுள் கணிப்பது வீண்வேலை.

கடினத்தை நாடலாமே என்று தோன்றும். ஆற்றுமணலின் படிகம் விக்கர்சு அளவில் ஏறத்தாழ 1,000 கடினம் கொண்டது. 316 வகைத் துருவுறா எஃகு 200ஐத் தாண்டாது. மணலைவிடக் கடினமான பொருளை நாடி, 27 விழுக்காடு குரோமியம் கலந்த வெள்ளை வார்ப்பிரும்பைப் பலர் தேர்கிறார்கள். அதனுள் படிந்த குரோமியக் கார்பைடுப் பரல்கள் மணலைவிடக் கடினமானவை. சுரங்கச் சேற்றை இறைக்கும் எக்கிகளுக்கு அது உகந்தது. ஆனால் அதன் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பைடுக்குள் பூட்டிக்கிடப்பதால், சுற்றியுள்ள இரும்புக்கு ஆக்சைடுப் படலம் கட்டப் போதிய குரோமியம் மிஞ்சுவதில்லை. உப்பும் புளிப்பும் அந்த இரும்பைக் கரைக்கும். பரல்கள் பிடிமானமின்றி உதிரும்.

இதில் ஒரு விந்தை உண்டு. தோலைப் பதப்படுத்துவதும் குரோமியம். கழிவுநீரில் நஞ்செனத் தேடப்படுவதும் குரோமியம். அந்நீரை இறைக்கும் வளையத்தின் வலிமையும் குரோமியம். மூன்றுக்கும் மூலம் குரோமைட்டுக் கனிமமே. இந்தியாவில் அதன் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் கிடைக்கிறது.

நடுவழி என்று சொல்லத்தக்கது இரட்டைக்கட்ட எஃகு. பட்டறைப் பேச்சில் 'டியூப்ளெக்ஸ்'. 25 விழுக்காட்டளவு குரோமியத்தோடு நிக்கல், மாலிப்டினம், சிலவகையில் செம்பும் சேர்ந்தது. 316ஐவிடக் கடினம், குளோரைடுக்கும் மிக நன்றாகத் தாக்குப்பிடிக்கும். விலை மட்டும் கை சுடும். சுழலி, உறை யாவற்றையும் அதில் வார்க்க இயலாதவர் வளையத்தையும், தண்டைப் போர்த்தும் தண்டுறையையும் மட்டுமாவது அதில் செய்துகொள்ளலாம். கழற்றி மாற்றும் உறுப்பு என்பதன் பொருளாதாரம் இங்கேதான் விளங்குகிறது. உயர்ந்த உலோகம் எவ்விடத்தில் தேவையோ அவ்விடத்துக்கு மட்டும் அதை வாங்கினால் போதும்.

இரு வளையங்களையும் ஒரே துருவுறா எஃகில் கடைந்துவிட்டு, ஓட்டிய அன்றே சிக்கிக்கொண்டது என்று தலையில் கைவைக்கும் பட்டறைகள் உண்டு. துருவுறா எஃகு தன்னினத்தோடு உரசும்போது உருகி ஒட்டுவதுபோல் பற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே பிரினெல் அளவில் குறைந்தது 50 வேறுபாடு வேண்டும். அல்லது இரண்டுமே 400க்கு மேற்பட்ட கடினம் கொண்டிருக்க வேண்டும் என்பது பெட்ரோலியத் துறை எக்கிகளுக்கான தரநூல் வகுத்த நெறி. தோல் துறைக்கு அந்நூல் கட்டளை ஆகாது; ஆயினும் உலோகத்தின் குணம் துறைக்குத் துறை மாறுவதில்லையே. பொதுவாக உறைவளையத்தைக் கடினமாகவும் சுழலி வளையத்தை மென்மையாகவும் வைப்பதா, மாற்றி வைப்பதா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. எதைக் கழற்றுவது எளிதோ அதை மென்மையாக வை என்பதே என் கட்சி.

கழற்றிய வளையத்தைக் குப்பையில் எறிவது பெரும் இழப்பு. நல்ல வெளிச்சத்தில், எண்ணெய் துடைத்து, மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டிய பொருள் அது. உள்சுவர் முழுவதும் ஒரே சீராக மினுங்கித் தேய்ந்திருந்தால் நுண்மணலின் வேலை. ஒரு முனை ஆழ்ந்து மறுமுனை மெலிந்து வால்நட்சத்திர வடிவில் வழித்த தடங்கள் இருந்தால் வேகமான பாய்ச்சலின் அரிப்பு. ஊசியால் குத்தியதுபோல் கண்ணுக்கு எட்டாத துளைகள், விரல் நகத்தால் வருடும்போது மட்டும் தட்டுப்பட்டால், குளோரைடு. கரிய மாவுபோல் விரலில் ஒட்டினால் சல்பைடு. வெள்ளையாகக் கல்லைப்போல் படர்ந்திருந்தால் சுண்ணாம்புப் படிவு. அது தேய்மானத்துக்கு நேர்மாறான தொல்லை. இடுக்கை அடைத்து, நிறுத்தி வைத்த எக்கியை மறுநாள் காலை சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

தேய்வின் திசையும் பேசும். உறைவளையம் ஒரு பக்கம் மட்டும் குழிந்து, சுழலி வளையம் சுற்றிலும் சீராகத் தேய்ந்திருந்தால், சுழலும் தண்டு எப்போதும் ஒரே திசையில் வளைந்து அழுத்தியிருக்கிறது என்று பொருள். எக்கியை அதற்கு வகுத்த பாய்ச்சலைவிட மிகக் குறைத்து, வால்வைத் திருகி ஓட்டியிருப்பார்கள். அல்லது குழாயின் எடை முழுவதும் உறையின்மேல் தொங்கியிருக்கும். மாறாகச் சுழலி வளையத்தில் ஓரிடம் மட்டும் தேய்ந்து உறைவளையம் சுற்றிலும் தேய்ந்திருந்தால், தண்டே கோணல். கோணல் தண்டில் அந்த ஓரிடமே சுற்றிச்சுற்றி உறையின் எல்லாப் பக்கத்தையும் உரசும். அதிர்வுமானி வாங்கப் பணமில்லாத சிறு ஆலைக்கு இவ்விரு வளையங்களே ஆய்வுக்கருவி. வந்த பிட்டர் இதைப் பார்க்காமல் புது வளையம் மாட்டிவிட்டுப் போனால், அதுவும் அதே பக்கம் தேயும்.

வளையத்தின் தேய்வு வளையத்தோடு நிற்காது. பல சுழலிகளின் பின்புறத்திலும் ஒரு தேய்வளையம் உண்டு; அதன் உள்வட்டத்தில் சில துளைகளும் உண்டு. பின்புற அழுத்தத்தைத் தணித்து, சுழலியை உறிஞ்சுவாய்ப் பக்கம் இழுக்கும் விசையைச் சமன்செய்வது இவ்வமைப்பின் பணி. பின்வளையம் தேய்ந்தால் கசிந்த நீர் துளைகளால் வடிக்கக்கூடிய அளவை மீறுகிறது. பின்புறம் அழுத்தம் ஏறுகிறது. முழு இழுப்பும் தாங்கியின்மேல் விழுகிறது. பேரிங் சூடேறுகிறது, இரைகிறது, உடைகிறது. ஆலையில் பேரிங்கை மாற்றுவார்கள். சில வாரங்களில் மறுபடி உடையும். பேரிங் கம்பெனியைத் திட்டுவார்கள்.

தண்டு உறையைவிட்டு வெளியேறும் இடத்தில் இன்னொரு தியாக உறுப்பு காத்திருக்கிறது: தண்டுறை, பட்டறையில் 'ஸ்லீவ்'. தண்டைச் சுற்றித் திணிப்புக் கயிற்றை வளையம் வளையமாக அடைத்து, 'கிளாண்ட்' இறுக்கிக் கசிவை அடக்குவது பழைய முறை. கயிறு தண்டின்மேல் நேரே உரசாதிருக்கத் தண்டுறை. இங்கே நீர் சொட்ட வேண்டும். நிமிடத்துக்குச் சில பத்துச் சொட்டுகள் வடிந்தால்தான் கயிறு குளிரும், வழுக்கும். கழிவுநீர் சொட்டுவது அழுக்கு என்றெண்ணி முழுக்க இறுக்குகிறார்கள். கயிறு கருகுகிறது. மேலும் நீரிலுள்ள மணல் கயிற்றில் பதிந்துகொண்டால் அக்கயிறே சாணைக்கல்லாகித் தண்டுறையில் பள்ளம் வெட்டுகிறது. தீர்வு, கயிற்று வளையங்களுக்கு நடுவே எக்கியின் அழுத்தத்தைவிடச் சற்று மிகுந்த அழுத்தத்தில் தூயநீரைச் செலுத்துவது. பாலாற்றுப் படுகையில் தூயநீருக்கு எங்கே போவது என்பது தனிப் பெருங்கேள்வி. கடின நீரைச் செலுத்தினால் அதுவும் படிவு கட்டும்.

கயிற்றுக்கு மாற்றான இயந்திர அடைப்பு, அதாவது மெக்கானிக்கல் சீல், இரண்டு மெருகிட்ட வட்ட முகங்களை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி வைப்பது. முகங்களின் நடுவே நுண்ணிய நீர்ப்படலம். ஊறல் நீரைப்போன்ற உப்புநீரில் அப்படலம் விளிம்பை எட்டும்போது ஆவியாகி உப்புப்படிகம் விடுகிறது. எக்கி நின்ற இரவில் படிகம் இறுகும். காலையில் ஓட்டும்போது கரியால் ஆன முகத்தின் ஓரத்தைப் பெயர்க்கும். இரு முகங்களையும் சிலிக்கன் கார்பைடில் அமைத்தால் இதைத் தாங்கும். நிறுத்தும்போதெல்லாம் எக்கிக்குள் நல்ல நீர் விட்டு அலசிவைப்பது அதைவிட மலிவு. ஆனால் இரவுமுறை ஆள் செய்ய வேண்டிய வேலை அது.

மயிரைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஆட்டுத்தோலின் மயிர் சல்லடையைத் தாண்டி வந்தால், மூடிய சுழலியின் கண்ணில் சுற்றிப் புரிபோல் முறுக்கிக்கொள்ளும். கால் மில்லிமீட்டர் இடுக்கு அதற்கு அகலமான வாசல். எனவே வடிகுழிக்குத் திறந்த சுழலியே ஏற்றது. அங்கு வளையத்துக்கு மாற்றாகத் தேய்தட்டு நிற்கும். சுழலி அலகுகளின் முகத்துக்கு எதிரே பதித்த தட்டு அது. தேய்ந்தால் தட்டை மாற்றுமுன்னர், உறையின் முன்மூடியிலோ தண்டின் தாங்கிக் கூட்டிலோ உள்ள திருகுகளைச் சிறிது திருகி இடுக்கை மீட்டெடுக்கலாம். ஒருமுறை வாங்கிய தட்டிலிருந்து இருமூன்று ஆயுள் கறக்கும் இவ்வசதியைப் பலர் அறிந்தும் பயன்படுத்துவதில்லை.

தோல் நிலையங்களில் தேய்வைக் கூர்மையாக உணரும் எக்கிகள் வேறு. 1996 தீர்ப்பு 'மாசுபடுத்துபவரே ஈடுசெய்க' என்ற நெறியையும் முன்னெச்சரிக்கை நெறியையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 30க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ தனி நிலையத்திலோ சேராத ஆலை மூடப்படும் என்றது. வாணிடெக், ஆம்பூர்டெக், ராணிடெக் போன்ற பொது நிலையங்கள் இந்த நெருக்கடிக் காலத்தின் அடையாளங்கள். உயிரியல் முறையால் கரிமக் கழிவைக் குறைத்தாலும் கரைந்த உப்பு குறையாது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் அதைக் கொணர வழியில்லாமல், எதிர்ச்சவ்வூடு பரவல், பேச்சில் 'ஆர்.ஓ.', அதன்பின் கொதித்தாவியாக்கல் என்று வெளியேற்றமே இல்லாத முறைக்கு நிலையங்கள் நகர்ந்தன. சவ்வின் வழியே உப்புநீரை அழுத்த, பல சுழலிகளை ஒரே தண்டில் கோத்த உயரழுத்த எக்கி தேவை.

இவ்வகை எக்கியில் பாய்ச்சல் குறைவு, அழுத்தம் மிகுதி. கசிவு அழுத்தத்தைப் பொறுத்தது. எனவே தள்ளும் நீரில் கசிவின் பங்கு பெருகிவிடும். ஒவ்வொரு சுழலிக்கும் ஒரு தேய்வளையம் என்பதால் இழப்பும் நிலைதோறும் நிகழ்கிறது. இன்னொன்று: நெருக்கமான இடுக்கில் அழுத்தத்தோடு பாயும் நீர், தண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் அதை மையத்துக்குத் தள்ளும். ருஷ்ய அறிஞர் லொமாக்கினின் பெயரால் வழங்கும் விளைவு அது. நீளமான தண்டுக்கு ஒவ்வொரு தேய்வளையமும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்தாங்கி. இடுக்கு அகன்றால் அந்தத் தாங்கல் தளர்கிறது, தண்டு அதிர்கிறது, அதிர்வால் இடுக்கு மேலும் அகல்கிறது. மின்கட்டணத்தைப் பார்த்து வளையம் மாற்றலாம் என்று காத்திருப்பவர், உயரழுத்த எக்கியில் தண்டு முறிந்த பிறகே கட்டணத்தைப் பார்க்க நேரும்.

தேய்மானத்தைக் குறைக்க உலோகத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மணலால் விளையும் தேய்வு, வேகத்தின் மும்மடிக்கு நெருக்கமாக ஏறுகிறது. தேவைக்கு மிஞ்சிய எக்கியை வாங்கி வால்வால் நெரிப்பதை விட்டு, சுழற்சி வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஓட்ட இடமிருந்தால், தேய்மானம் ஏறக்குறையப் பாதியாகும். அதற்கும் முன்னால், ஊறலுக்குப் போகுமுன் தோலை மரச்சட்டத்தில் உதறி உப்பை உதிர்ப்பது. ஆற்றின் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட முறை அது. மணலும் அதே உதறலில் உதிர்வதால் எக்கிக்கும் ஆயுள் கூடுகிறது. ஊறல் நீரைத் தனியே பிரித்து வெயில் பாத்திகளில் காயவிடும் வழக்கமும் அப்படியே: கடும் உப்புநீர் பொதுக்குழியில் கலக்காதவரை, பொதுக்குழி எக்கிக்கு இவ்வளவு விலையுயர்ந்த உலோகம் வேண்டாம்.

எக்கி அடைத்துக்கொண்டால் நிகழ்வது என்ன என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. சுண்ணாம்புக்குழியின் சல்பைடு நீரும் புளிப்புக் குளியல் நீரும் குழியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வளி எழும். அழுகிய முட்டை நாற்றமாக அது தொடக்கத்தில் தெரியும்; காற்றில் பத்து இலட்சத்துக்கு 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் அங்கேயே விழுவார். தூக்க இறங்குபவரும் விழுவார். தோல் நகரங்களில் கழிவுக்குழிக்குள் மனிதர் மாண்ட செய்திகள் புதியவை அல்ல. எக்கியின் வாயில் மயிரும் சவ்வும் அடைத்துவிட்டன, யாராவது இறங்கி எடு என்ற ஒரு சொல்லிலிருந்தே அவற்றுள் பல தொடங்கியிருக்கும்.

எனவே தேய்வுறுப்புகள் எங்கே, எப்படிக் கைக்கெட்டுகின்றன என்பது உயிர் பற்றிய வடிவமைப்புக் கேள்வி. குழிக்கு மேலே தரைமட்டத்தில் நின்று தானே நீரை உறிஞ்சிக்கொள்ளும் எக்கியில், முன்மூடியின் நான்கு மரைகளைக் கழற்றினால் சுழலியும் தேய்தட்டும் கையில் வரும். குழிக்குள் ஒருவரும் இறங்க வேண்டாம். குழிக்குள் மூழ்கும் எக்கியானால், வழிகாட்டும் கம்பிகள்மேல் சங்கிலியால் தூக்கி வெளியே எடுக்க வகை செய்திருக்க வேண்டும். உலர்நிலை எக்கிகளுக்கு, குழாயையும் மோட்டாரையும் அசைக்காமல் சுழலித் தொகுதியைப் பின்புறமாக உருவிக்கொள்ளும் அமைப்பு இன்று பொதுவழக்கு. அதன் அளவுகளைப் பன்னாட்டுத் தரமாக 1975இல் வகுத்துவிட்டார்கள். உதிரித் தொகுதி ஒன்றைத் தயாராக வைத்திருந்தால் ஒரு முறைப்பணி நேரத்துக்குள் மாற்றிவிடலாம். விலை குறைந்த எக்கி வாங்குபவர் முதலில் கைவிடுவது இந்த வசதிகளையே.

2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத்தொட்டியின் சுவர் இடிந்து, அடுத்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தோர் உள்ளிட்ட 10 பேர் உயிரிழந்தனர். அது எக்கியின் பிழையால் நேர்ந்த விபத்து என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் கசடும் கழிவுநீரும் தேங்குமிடத்தில் எவ்வளவு எடை நிற்கிறது என்பதை அந்நாளுக்குப் பின் மறப்பது எளிதன்று. பத்தாண்டு கழித்து 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்பளித்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொன்னது. குழுக்கள் நீரின் மாதிரி எடுக்கின்றன, ஆவணங்களைப் பார்க்கின்றன. எக்கியறையின் உதிரிப்பாக அலமாரியைத் திறந்து பார்ப்பதும் அவ்வளவே பயனுள்ளது என்பேன். அலமாரியில் வளையம் இல்லாத நிலையத்தில், எக்கி நின்ற நாளில் குழி நிரம்பும். நிரம்பிய குழி மழைநீர்க் கால்வாயைத் தேடும்.

எக்கியைத் திறக்காமலே வளையத்தின் நிலையை அறிய ஒரு முறை உண்டு. கருவி ஒன்றும் வேண்டாம். குழிக்கு வரும் நீரைச் சிறிது நேரம் அடைத்துவிட்டு, எக்கியை வழக்கமான குழாய்வழியில் ஓட்டி, அளவுகோல் கட்டிய கம்பால் நீர்மட்டம் இறங்குவதைப் பார்க்க வேண்டும். 4 மீட்டருக்கு 5 மீட்டர் குழியில் 30 சென்டிமீட்டர் இறங்கினால் 6,000 லிட்டர். நொடிக்கு 20 லிட்டர் தள்ளும் புது எக்கிக்கு அது 5 நிமிடம். மேலே கணக்கிட்டபடி இடுக்கு 0.6 மில்லிமீட்டராகியிருந்தால் பாய்ச்சல் நொடிக்கு 18 லிட்டரளவுக்கு இறங்கி, அதே 30 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் பிடிக்கும். புது வளையம் மாட்டிய அன்று எடுத்த நேரத்தை எக்கியறைச் சுவரிலேயே பெயிண்டால் எழுதிவைத்து, திங்கள்தோறும் எடுக்கும் நேரத்தைப் பதிவேட்டில் அதற்கருகே குறித்துவந்தால், அடுத்த வளையத்துக்கான கொள்முதல் ஆணையை எந்த மாதம் அனுப்ப வேண்டும் என்பது இரவுமுறை இயக்குநருக்கே தெரிந்துவிடும்.